நிபுணர் அறிக்கை வந்துவிட்டதா? 30 நாள் கணக்கை மறக்காதீங்க!

கூரத்தில் ஒருவர் மேல் போலிப் பத்திர வழக்கு என்று வைத்துக்கொள்வோம். பங்காளியின் கையெழுத்தைத் தானே போட்டு நிலத்தை எழுதிக்கொண்டார் என்பது புகார். குற்றப்பத்திரிகையோடு தடய அறிவியல் ஆய்வக அறிக்கையும் வருகிறது. "பத்திரத்தில் உள்ள கையெழுத்தை எழுதியவர் இவரே" என்று அதில் இருக்கிறது. வீட்டில் எல்லாரும் இடிந்து போகிறார்கள். "நிபுணரே சொல்லிட்டார், இனி என்ன இருக்கு?"

நிறைய இருக்கு. நிபுணர் சொல்வது தீர்ப்பு இல்லை, ஒரு கருத்து. அந்தக் கருத்தை ஏற்கலாமா, எந்த அளவுக்கு ஏற்கலாம் என்று முடிவு செய்பவர் நீதிபதி. அதைக் கேள்வி கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆனால் கேட்க வேண்டிய நேரத்தில் கேட்கணும். புதிய சட்டத்தில் அந்த நேரம் ரொம்பக் குறைவு. அதனால்தான் இந்தப் பாடம்.

நிபுணர் என்றால் யார்?

சாதாரண சாட்சி தான் கண்டதையும் கேட்டதையும் மட்டும்தான் சொல்லலாம். "எனக்கு இப்படித் தோணுது" என்று அவர் சொல்ல முடியாது. அப்படிக் கருத்துச் சொல்லும் அனுமதி நிபுணருக்கு உண்டு. 1872-ம் ஆண்டு இந்திய சாட்சியச் சட்டத்தில் இது 45-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தில் 39-வது பிரிவு. அறிவியல், கலை, வெளிநாட்டுச் சட்டம், கையெழுத்து, விரல்ரேகை ஆகியவற்றோடு "வேறு எந்தத் துறையும்" என்பதையும் புதிய சட்டம் சேர்த்திருக்கிறது. கதவு அகலமாகத் திறந்திருக்கிறது. அப்படியென்றால் வாசலில் நின்று பார்ப்பவரும் கவனமாக இருக்க வேண்டும்.

தகுதி பார்த்து ஆளை ஏற்பது நம்ம பக்கத்துக்குப் புதுசு இல்லை. சுமார் 1,100 ஆண்டுகளுக்கு முன் முதலாம் பராந்தகன் காலத்தில் உத்திரமேரூரில் குடவோலை முறைக்கான விதிகளைக் கல்லில் வெட்டினார்கள். வயது 35-க்கு மேல், 70-க்குள் இருக்கணும். வரி கட்டும் நிலமும், சொந்த மனையில் வீடும் இருக்கணும். பதவியில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை. நிபுணரிடமும் நாம் கேட்பது இதைத்தான்: உங்கள் தகுதி என்ன? உங்கள் கணக்கைக் காட்டுங்கள்.

முதல் வேலை: 30 நாளுக்குள் மறுப்பைச் சொல்லுங்கள்

குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் மூன்று பிரிவுகளைத் தெரிந்துகொள்ளுங்கள்.

பிரிவு 230: குற்றம் சாட்டப்பட்டவர் ஆஜரான நாளிலிருந்து 14 நாளுக்குள் குற்றப்பத்திரிகையும் மற்ற ஆவணங்களும் அவருக்குக் கிடைக்க வேண்டும். இலவசமாக. பாதிக்கப்பட்டவர் வக்கீல் வைத்திருந்தால் அவருக்கும் நகல் உண்டு.

பிரிவு 330: நகல் கிடைத்த 30 நாளுக்குள், அந்த ஆவணங்கள் உண்மையானவைதான் என்று ஒப்புக்கொள்கிறீர்களா, மறுக்கிறீர்களா என்று சொல்ல வேண்டும். காரணத்தை எழுத்தில் பதிவு செய்து நீதிமன்றம் கால அவகாசம் தரலாம். ஆனால் அதை நம்பி இருக்க வேண்டாம். இதே பிரிவில்தான் முக்கியமான ஒரு வரி இருக்கிறது: நிபுணரின் அறிக்கையை ஏதாவது ஒரு தரப்பு மறுத்தால் தவிர, அவரை நீதிமன்றத்துக்கு அழைக்கக் கூடாது.

புரிகிறதா? நீங்கள் பேசாமல் இருந்தால் நிபுணர் கூண்டுக்கே வரமாட்டார். அவர் வரவில்லை என்றால் குறுக்கு விசாரணை இல்லை. காகிதம் மட்டும் பேசும். காகிதத்திடம் கேள்வி கேட்க முடியாது.

பிரிவு 329: சில அரசு நிபுணர்களின் அறிக்கை, அவர் நேரில் வராமலே சாட்சியமாக ஏற்கப்படும். இரசாயனப் பரிசோதகர், விரல்ரேகைப் பிரிவு இயக்குநர், தடய அறிவியல் ஆய்வக இயக்குநர், துணை இயக்குநர், உதவி இயக்குநர் போன்றவர்கள் இந்தப் பட்டியலில் வருகிறார்கள். தேவை என்று கருதினால் நீதிமன்றம் அவர்களையும் அழைத்து விசாரிக்கலாம். ஆகவே அறிக்கை கைக்கு வந்ததும் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். கையெழுத்துப் போட்டவர் என்ன பதவி? அந்தப் பட்டியலில் இருக்கிறாரா? இல்லாதவர் என்றால், நீங்கள் மறுக்கும் பட்சத்தில் அவர் நேரில் வந்து சொல்லியாக வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. 2024 ஜூலை 1-க்கு முன்பே விசாரணை தொடங்கி நிலுவையில் இருந்த வழக்குகள் பழைய சட்டப்படி நடக்கும். உங்கள் வழக்கு எதில் வருகிறது என்பதை வக்கீலிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

நிபுணரிடம் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

1. இதற்கு நிபுணர் தேவையா?
நீதிபதி தானே பார்த்துப் புரிந்துகொள்ளக்கூடிய விஷயத்துக்கு நிபுணர் கருத்து எதற்கு? "இந்த சாட்சி உண்மை பேசுகிறார்", "இவர்தான் குற்றவாளி" என்று சொல்வது எந்த நிபுணரின் வேலையும் இல்லை. அது நீதிமன்றத்தின் வேலை.

2. அவருக்குத் தகுதி இருக்கிறதா?
பட்டம் மட்டும் போதாது. கருத்துச் சொல்லும் அந்தக் குறிப்பிட்ட விஷயத்தில் தனிப் படிப்போ அனுபவமோ இருக்கணும். இமாச்சலப் பிரதேச ஆப்பிள் விவசாயம் தொடர்பான வழக்கில் (ஜெய்லால் வழக்கு, 1999) உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. தன் முடிவைச் சரிபார்க்கத் தேவையான அறிவியல் அடிப்படையை நிபுணர் நீதிபதிக்குத் தர வேண்டும் என்றும் சொன்னது.

3. அவர் கைக்கு வந்த பொருள் சரியானதா?
கூரம் உதாரணத்துக்கு வருவோம். ஒப்பிட்டுப் பார்க்க எத்தனை கையெழுத்து அனுப்பினார்கள்? அவை மறுக்கப்படாத கையெழுத்துகளா? அதே காலத்தைச் சேர்ந்தவையா, இருபது வருஷம் முன்னாடி போட்டவையா? அசலா, ஜெராக்ஸா? உறைக்கு யார் சீல் வைத்தார்கள்? ஆய்வகத்தில் பிரிக்கும்போது சீல் உடையாமல் இருந்ததா?

4. எப்படி இந்த முடிவுக்கு வந்தார்?
கருத்துக்கான காரணமும் சாட்சியத்தில் சேர்த்தி என்கிறது புதிய சாட்சியச் சட்டத்தின் 45-வது பிரிவு. எழுத்தின் சாய்வு, அழுத்தம், சுழி, இடைவெளி என்று எதை வைத்து ஒன்று என்றார்? வேறுபாடுகளையும் குறித்தாரா? பெரிதாக்கிய படங்கள் எங்கே? காரணம் சொல்லாமல் "ஒத்துப்போகிறது" என்று ஒரே வரியில் முடித்த அறிக்கைக்கு மதிப்புக் குறைவு.

கையெழுத்து நிபுணர் கருத்தை மிகுந்த எச்சரிக்கையோடு அணுக வேண்டும் என்று 1977-ல் மகன் பிஹாரி லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்காக நிபுணர் சாட்சி எல்லாமே சந்தேகத்துக்குரியது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. காரணங்கள் நம்பும்படி இருந்து, சந்தேகப்பட வேறு எதுவும் இல்லை என்றால், வேறு ஆதரவு இல்லாமலும் ஏற்கலாம் என்று முராரி லால் வழக்கில் அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எல்லாம் காரணத்தின் பலத்தைப் பொறுத்தது.

சுருளி அருவி வழக்கு சொல்லும் பாடம்

மூன்றாவது கேள்வி எவ்வளவு பெரியது என்று பார்க்க, தேனி மாவட்டத்துக்குப் போவோம். 2011-ல் சுருளி அருவிப் பகுதியில் ஒரு இளம் ஜோடி கொல்லப்பட்டார்கள். அந்தப் பெண் பாலியல் வன்கொடுமைக்கும் ஆளாகியிருந்தார். கைது செய்யப்பட்டவருக்கு விசாரணை நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019-ல் அதை உறுதி செய்தது. வழக்கில் முக்கியச் சான்றாக இருந்தது டி.என்.ஏ. அறிக்கை.

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு அவரை விடுதலை செய்தது. எடுத்த மாதிரிகள் ஆய்வகம் போய்ச் சேரும்வரை எங்கே இருந்தன, யார் பொறுப்பில் இருந்தன என்பதற்குச் சரியான கணக்கு இல்லை. தாமதத்துக்கு விளக்கம் இல்லை. கலப்படம் ஆகியிருக்கலாம் என்ற சந்தேகம் தீரவில்லை. மாதிரியே நம்பும்படி இல்லாதபோது அதன் மேல் கட்டிய அறிக்கை எப்படி நிற்கும்?

அந்தத் தீர்ப்பில் நாடு முழுவதற்கும் டி.என்.ஏ. மாதிரிகளுக்கான வழிமுறைகள் தரப்பட்டன. மாதிரியின் மேல் வழக்கு எண், பிரிவு, காவல் நிலையம், விசாரணை அதிகாரி விவரம் இருக்க வேண்டும். எடுத்த மருத்துவர், அதிகாரி, சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். 48 மணி நேரத்துக்குள் ஆய்வகம் போய்ச் சேர வேண்டும். நீதிமன்ற அனுமதி இல்லாமல் உறையைப் பிரிக்கக் கூடாது. யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற பதிவேடு வழக்கு முடியும்வரை இருக்க வேண்டும்.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஒருவர் பல வருஷம் தூக்குத் தண்டனையின் நிழலில் இருந்தார். பிள்ளைகளைப் பறிகொடுத்த இரண்டு குடும்பங்களுக்கு 14 வருஷம் கழித்தும் யார் செய்தார்கள் என்ற பதில் கிடைக்கவில்லை. மாதிரியை ஒழுங்காகக் கையாளாவிட்டால் இரண்டு தரப்புக்கும் நஷ்டம்தான். நீங்கள் பாதிக்கப்பட்டவர் தரப்பு என்றால், மாதிரி எப்போ எடுத்தாங்க, எப்போ அனுப்பினாங்க என்று விசாரணை அதிகாரியிடம் கேளுங்கள். பதிவேட்டில் குறை இருந்தால் முன்கூட்டியே அரசு வக்கீலிடம் சொல்லுங்கள்.

எந்தக் கட்டத்தில் என்ன செய்யணும்?

அறிக்கையை நீதிமன்றத்தில் மார்க் பண்ணும்போதே ஆட்சேபனையைச் சொல்லிப் பதிவு செய்ய வைக்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு கோயில் சொத்து வழக்கில் (வெங்கடாசல கவுண்டர் வழக்கு, 2003) உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது. அது சிவில் வழக்குதான், ஆனாலும் பாடம் பொதுவானது. ஆவணமே சட்டப்படி ஏற்கத்தகாதது என்றால் பிறகும் சொல்லலாம். நிரூபித்த விதம் தப்பு என்றால் அப்போதே சொல்லணும், விட்டால் போச்சு.

அடுத்தது குறுக்கு விசாரணை. மேலே சொன்ன நான்கு கேள்விகளும் அங்கேதான் வேலை செய்யும். எழுதிய நிபுணர் மாறுதலாகியோ ஓய்வு பெற்றோ போயிருந்தால், இப்போது அந்தப் பதவியில் இருப்பவர் வந்து சாட்சி சொல்ல 336-வது பிரிவு வழி செய்கிறது. அப்படி வருபவர் சோதனையைத் தானே செய்யவில்லை, அறிக்கையைப் படித்துத்தான் சொல்கிறார் என்பதை உங்கள் வக்கீல் பதிவுக்குக் கொண்டுவர வேண்டும்.

உங்கள் தரப்பிலும் ஒரு நிபுணரை அழைக்கலாம். கேட்க விட்டுப்போன முக்கியமான கேள்வி இருந்தால், 348-வது பிரிவின்படி சாட்சியைத் திரும்ப அழைக்க மனுப் போடலாம். அதை ஏற்பது நீதிமன்றத்தின் முடிவு.

போன் வீடியோ, சி.சி.டி.வி. என்றால்?

வீடியோ, வாட்ஸ்அப் செய்தி, குரல் பதிவு போன்றவற்றின் நகலைத் தாக்கல் செய்யும்போது 63-வது பிரிவுச் சான்றிதழ் வேண்டும். அதில் இரண்டு பகுதி. ஒன்றைக் கருவிக்குப் பொறுப்பானவர் நிரப்ப வேண்டும், இன்னொன்றை நிபுணர். இரண்டிலும் ஹாஷ் மதிப்பு இருக்கும். இதை அந்தக் கோப்பின் விரல்ரேகை என்று நினைத்துக்கொள்ளுங்கள். கோப்பில் ஒரு சின்ன மாற்றம் செய்தாலும் ஹாஷ் மாறிவிடும். ஆகவே தாக்கல் செய்த கோப்பின் ஹாஷும் சான்றிதழில் உள்ள ஹாஷும் ஒன்றா என்று பாருங்கள். உங்கள் போனில் இருப்பதே சான்று என்றால் அந்த வீடியோவை வெட்டாதீங்க, எழுத்துச் சேர்க்காதீங்க. அசல் போனைப் பத்திரமாக வையுங்கள்.

இன்றே போனில் செய்யக்கூடியவை

• இ-கோர்ட்ஸ் சர்வீசஸ் செயலியை இறக்கி, 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைப் போட்டு வழக்கைச் சேமியுங்கள். அடுத்த வாய்தா தேதியும் நீதிமன்ற உத்தரவுகளும் அதில் தெரியும்.
• ஆவணங்கள் கைக்கு வந்த தேதியைக் குறித்து, 20-வது நாளுக்கு ஒரு அலாரம் வையுங்கள். 30-வது நாள்வரை காத்திருக்க வேண்டாம்.
• அறிக்கையின் எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்து வக்கீலுக்கு அனுப்புங்கள். ஊர் வாட்ஸ்அப் குழுவில் போடாதீங்க.
• மாதிரி எடுத்த தேதி, ஆய்வகம் பெற்ற தேதி, அறிக்கை தேதி மூன்றையும் ஒரே தாளில் எழுதுங்கள். இடைவெளி தானாகத் தெரியும்.
• வக்கீல் வைக்க வசதி இல்லையா? 15100 என்ற எண்ணுக்கு அழையுங்கள். சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலம் இலவச வக்கீல் கிடைப்பார். பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு கிடையாது.

இது பொதுவான வழிகாட்டல்தான். உங்கள் வழக்குக்கு என்ன பொருந்தும் என்பதை வக்கீலிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். கேட்கப் போகும்போது அறிக்கையின் நகலையும், அது உங்கள் கைக்கு வந்த தேதியையும் மறக்காமல் கொண்டு போங்க.