இளமையும் புகையிலையும்

பசுமரத்தில் அறைந்த ஆணி எளிதில் இறங்கும். இளமையிற் கற்ற கல்வி நெஞ்சில் நிலைப்பதற்கு நம் முன்னோர் கூறிய உவமை இது. நற்பழக்கத்திற்கே அன்றித் தீய பழக்கத்திற்கும் இவ்வுவமை பொருந்தும் என்பதற்குப் புகைப்பழக்கமே சான்றாகும்.

புகையிலையில் நிக்கோட்டின் என்னும் நச்சுப்பொருள் உண்டு. புகையை உள்ளிழுத்த 10 முதல் 20 நொடிக்குள் அது குருதியிற் கலந்து மூளையைச் சென்றடைகின்றது. மூளையின் நரம்பணுக்களில் ஏற்பிகள் என்னும் நுண்ணிய பூட்டுகள் உள்ளன. அவற்றுட் சிலவற்றிற்கு அசிட்டைல்கோலின் என்னும் பொருளே இயற்கையான திறவுகோல். நிக்கோட்டினோ கள்ளத் திறவுகோலாய் வந்து அவற்றைத் திறந்துவிடுகின்றது. உடனே டோபமைன் என்னும் பொருள் சுரக்கச் சிறுபொழுது இன்பம் தோன்றுகின்றது. பலமுறை புகைப்பின் அப்பூட்டுகள் எண்ணிக்கையிற் பெருகுகின்றன. பின்னர், நிக்கோட்டின் கிடையாத வேளையில் சினமும் அமைதியின்மையும் மனம் ஒன்றாமையும் உண்டாகின்றன. இன்பம் நாடித் தொடங்கியவன், துன்பம் தணியும்பொருட்டுத் தொடர்ந்து புகைக்கின்றான். இதுவே அடிமைத்தனம்.

இளைஞரை இப்பழக்கம் எளிதிற் பற்றுவது ஏன்? மூளையின் பகுதிகள் யாவும் ஒருங்கே முதிர்வதில்லை. இன்பத்தை நாடும் பகுதி முன்னரே வலுப்பெறுகின்றது. பின்விளைவை எண்ணி மனத்தை அடக்கும் பகுதி நெற்றியின் பின்னே உள்ளது. அது முதிர ஏறக்குறைய 25 வயது ஆகின்றது. காளை வலிமை பெற்றுவிட்டது. மூக்கணாங்கயிறோ இன்னும் முறுக்கேறவில்லை. மேலும், எதனையும் விரைந்து பயிலும் ஆற்றல் இளமூளைக்கு உண்டு. அவ்வாற்றலே அடிமைத்தனத்தையும் விரைந்து பயின்றுவிடுகின்றது.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நாள்தோறும் புகைக்கும் வயதுவந்தோருள் பதின்மரில் ஏறத்தாழ ஒன்பதின்மர் 18 வயதிற்குள்ளேயே முதன்முதல் புகைத்தவர் என்று, அந்நாட்டு அரசின் தலைமை மருத்துவர் 2012-ஆம் ஆண்டு அறிக்கையிற் கூறினார். புகையிலை விற்பதற்குரிய வயதை அந்நாடு 2019-இல் 21 ஆக உயர்த்தியது. நம் நாட்டில் 18 வயது நிரம்பாதவர்க்குப் புகையிலை விற்றலை 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கின்றது.

பழக்கத்தில் வீழ்ந்தோர்க்கு மீட்சி இல்லையோ எனின், உண்டு. ரிச்சர்டு டால் முதலிய அறிஞர்கள் பிரித்தானிய மருத்துவர்களின் உடல்நலத்தை 1951 முதல் 50 ஆண்டுகள் ஆராய்ந்தனர். புகைத்தோர் ஏறத்தாழ 10 ஆண்டு வாழ்நாளை இழந்தனர். 30 வயதளவில் விட்டொழித்தோர் அவ்விழப்பினின்று பெரும்பாலும் தப்பினர். 60 வயதில் விட்டோரும் 3 ஆண்டு மீளப் பெற்றனர். எனினும், விடுதல் அரிது. பலர் பன்முறை முயன்றே வென்றனர்.

மாணவர்களே! முதற் சிகரெட்டைப் பெரும்பாலும் பகைவன் நீட்டுவதில்லை; நண்பனே நீட்டுகின்றான். "ஒன்றுதானே!" என்று அவன் கூறுங்கால், "வேண்டா" என்று மறுக்கும் துணிவு உங்களுக்கு வேண்டும். ஆயிரம் சிகரெட்டுகளுக்குப் பின் விடுவதினும் முதலாவதை மறுத்தல் எளிது.