சரித்திரக் கதையும் மர்ம முடிச்சும்: படிக்கும் முறை பற்றிய ஒரு சிறு பாடம்

சரித்திர நவீனங்களைப் படித்தல் வெறும் பொழுதுபோக்கு என்று கருதுவார் பலர். அவற்றிற் கூறப்படுவன யாவும் நடந்தனவே என்று நம்புவாரும் உளர். இவ்விரு திறத்தாருக்கும் இடையில் நின்று, சுவையையும் இழவாது உண்மையையும் இழவாது படிப்பது எவ்வாறு என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும். மாணவர்க்கு இது பயன்படும்; பழைய மாணவராகிய நமக்கும் பயன்படும்.

காதல், சரித்திரம், மர்மம் ஆகிய மூன்று இழைகளையும் ஒன்றாக முறுக்கிய கதைகள் ஆங்கிலத்திற் பலவுண்டு. மூன்றாம் ஜார்ஜ் மன்னர் நோயுற்றமையால் அவர் மைந்தர் பதிலரசராக இருந்து ஆண்ட 1811 முதல் 1820 வரையான காலத்தை ரீஜன்சிக் காலம் என்பர். அக்காலத்தைக் களமாகக் கொண்ட காதற் கதைகளைப் பெருவழக்காக்கியவர் ஜார்ஜெட் ஹேயர் என்னும் பெண் எழுத்தாளர். 1951இல் வெளிவந்த அவருடைய ‘த குவையற் ஜென்ரில்மன்’ என்னும் நாவலிலே, போர்முனையிலிருந்து மாளிகைக்கு மீளும் இளம் பிரபு ஒருவரின் உயிருக்கு யாரோ உலை வைக்கின்றனர். ஐயம் மாற்றாந்தாயின் மகன்மீது விழுகின்றது. இறுதியிற் குற்றவாளி யாவன் என்பது வெளிப்பட, காதலும் கைகூடுகின்றது.

இத்துறையிலே தமிழுக்குத் தொடக்கத்தை அளித்தவர் ஈழத்தவர் என்பது நாம் பெருமையுடன் நினைக்கத்தக்கது. திருகோணமலை த. சரவணமுத்துப்பிள்ளை எழுதி 1895இல் வெளிவந்த ‘மோகனாங்கி’யைத் தமிழின் முதல் சரித்திர நாவல் என்பர் ஆராய்ச்சியாளர். அது மதுரைச் சொக்கநாத நாயக்கர் காலத்துக் கதை. சொக்கநாதர் தஞ்சை நாயக்கரின் மகளை மணங்கேட்டு மறுக்கப்பட்டதும், அதனால் மூண்ட போரில் 1673ஆம் ஆண்டளவில் தஞ்சை வீழ்ந்ததும் சரித்திரம். இரத்தத்தில் முடிந்த அச்செய்தியினின்று காதற் காவியம் ஒன்றை ஆக்கிக்கொள்வது நாவலாசிரியரின் உரிமை. அவ்வுரிமையை மறுப்பதற்கில்லை, அஃது உரிமை என்பதை அறிந்து படித்தலே வேண்டுவது.

நிற்க, மர்ம இழை மிக நுட்பமாக ஓடுவது கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னில் ஆகும். 1950 முதல் 1954 வரை தொடராக வந்த அந்நாவலின் உள்ளே கிடக்கும் வினா ஒன்றே: ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யாவர்? இவ்வினா கல்கி படைத்ததன்று. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கோயிலில், முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த, அஃதாவது 987ஆம் ஆண்டளவினதான, கல்வெட்டு ஒன்று உண்டு. சோமன், இரவிதாசன், பரமேசுவரன் என்போரைக் கொலைத் துரோகிகள் எனப் பெயர் சுட்டி, அவர்களுக்கும் அவர்தம் உறவினர்க்கும் உரிய நிலங்களைப் பற்றி அது பேசுகின்றது. இரவிதாசனுக்கும் பரமேசுவரனுக்கும் பிரமாதிராசன் என முடியும் பட்டங்களையும் அது தருகின்றது. ஆயின் அவர்கள் ஏன் கொன்றனர், எவர் ஏவினர் என்பவற்றை அக்கல் கூறவில்லை.

அந்த மௌனத்திலேதான் ஆராய்ச்சியும் கற்பனையும் இடம் பிடித்தன. நீலகண்ட சாத்திரியார் உத்தம சோழன்மீது ஐயங்கொண்டார். சதாசிவ பண்டாரத்தார் அதனை மறுத்தார். கல்கியோ பாண்டிய நாட்டு ஆபத்துதவிகளின் சதியையும், நந்தினி என்னும் கற்பனைப் பாத்திரத்தையும் அமைத்தார். இத்தனை அமைத்தும், கொலைக்களத்து விளக்கு அணைந்த இருளிலே கத்தி எவர் கையது என்பதை ஐயமறச் சொல்லாது விட்டார்.

ஹேயரின் நாவலையும் கல்கியின் நாவலையும் ஒப்பிடுங்கள். ஏறத்தாழ ஒரே ஆண்டுகளில் எழுந்த இரண்டும், குடும்பத்துள் எழும் உரிமைப் போட்டியையும் ஐயத்தையும் பற்றியன. ஒன்றில் முடிச்சு முற்றாக அவிழ்கின்றது, மற்றதில் அவிழவில்லை. காரணம் யாது? ஹேயரின் பிரபுவும் அவர் பகைவரும் கற்பனை மாந்தர். அவர்மேற் பழி சுமத்துவதால் எவர்க்கும் தீங்கில்லை. கரிகாலனும் உத்தம சோழனும் இரவிதாசனும் உண்மையாய் வாழ்ந்தவர். சான்று மௌனமாயிருக்கும் இடத்தில் இறந்தார்மீது பழியை உறுதிசெய்ய ஆசிரியரின் பேனா தயங்குகின்றது. அத்தயக்கத்தைக் குறை என்று கொள்ளாது அறம் என்றே நாம் கொள்கின்றோம்.

ஆகவே இத்தகைய நூல்களைப் படிக்கும்போது மூன்று வினாக்களை நம்முள் எழுப்பிக்கொள்ளல் நன்று. சான்று எதனைச் சொல்கின்றது? எதனைச் சொல்லவில்லை? அந்த இடைவெளியை ஆசிரியர் எதனால் நிரப்பினார்? நூல் தானே எதைப் பற்றி மௌனமாயுள்ளது என்பதையும் சேர்த்து நோக்கலாம். ரீஜன்சிக் காலத்துள்ளேயே, 1815இல், கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. நடன மண்டபங்களையும் குதிரை வண்டிகளையும் வருணிக்கும் அக்கதைகளிலே இச்செய்திக்குப் பெரும்பாலும் இடமில்லை.

இம்முறையைப் பயில நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. குறிகட்டுவானிலிருந்து தோணியேறினால் சிறிது நேரத்தில் அடையும் நயினாதீவில், நாகபூஷணி அம்மன் கோயிலில், முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் தமிழ்க் கல்வெட்டு இருக்கின்றது. பன்னிரண்டாம் நூற்றாண்டினதான அதனைக் கா. இந்திரபாலா 1963இல் ஆராய்ந்து வெளியிட்டார். பரதேசிகள் ஊராத்துறையில் வந்து கூடவேண்டும் என்றும், அவர்களுக்குக் காவல் வேண்டும் என்றும் அது கட்டளையிடுகின்றது. ஊராத்துறை இன்றைய ஊர்காவற்றுறையாகும். யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் காற்பங்கு பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. வணிகச் சரக்குக் கப்பலாயின் செம்பாதி. யானை குதிரைகளில் மன்னனுக்கு விருப்பம் உண்டென்பதும் அதிற் காணப்படுகின்றது.

இதனை வைத்து ஓர் இளைஞர் மர்மக் காதற் கதை எழுதலாம். நள்ளிரவில் ஒரு கப்பல் பாரில் மோதுகின்றது. குதிரைகள் கரையேறுகின்றன, உடையவனைக் காணோம். அவன் மகள் பண்டாரத்தாரிடம் முக்காற்பங்கு கேட்டு நிற்கின்றாள். கப்பல் தானே உடைந்ததா, எவரேனும் உடைத்தனரா? கதை அருமையாகவே அமையும். ஆயினும் கல்லிலே அப்பெண் இல்லை, அக்கொலையும் இல்லை. பங்கு விகிதம் கல்லினது, கண்ணீர் கதாசிரியருடையது என்று பிரித்தறியும் வாசகனே தேர்ந்த வாசகன்.

இப்பிரித்தறிவு நமக்கு வெறும் இலக்கிய நயமன்று. மணிமேகலை அமுதசுரபி பெற்ற மணிபல்லவம் நயினாதீவே என்பர் ஒரு சாரார். மறுப்பர் வேறு சாரார். நாகதீவு என்னும் பழம்பெயர் எந்நிலத்தைக் குறித்தது என்பதிலும் வாதமுண்டு. அம்மன் கோயிலும் நாக விகாரையும் அணித்தாக நிற்கும் சிறு தீவு அது. கதையைச் சான்றென்றும் சான்றைக் கதையென்றும் மயங்கினால், காப்பியத்தின் இனிமை உரிமைப் பூசலாக மாற நெடுநாள் வேண்டாம். அன்றியும், 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பராயின. சான்றுகள் குறைந்த நாட்டிலே கதைகள் அவற்றின் ஆசனத்தில் ஏறி அமர்தல் எளிது.

எனவே மாணவர்களே, சரித்திரக் கதைகளை விரும்பிப் படியுங்கள். மர்மத்தில் மயங்கி விளக்கெரியும் நேரமெல்லாம் படியுங்கள். படித்து முடித்தபின் ஒருநாள் ஊர்க் கோயிற் கல்வெட்டின் முன்னும் சென்று நில்லுங்கள். வீட்டுப் பெட்டகத்தில் உறங்கும் பழைய உறுதியையும் ஏட்டையும் செல்லுக்கு இரையாக விடாது பேணுங்கள். நாளை எழுதப்படும் கதைகளுக்கு ஆதாரமும், அவற்றைத் தடுத்துக் கேட்கும் சாட்சியும் அவையே.