செக்போஸ்ட்டில் நிற்கும் மெயில்கள்

இந்த முறை கணினிப் பகுதியில் "குவாரண்டைன்" பற்றிப் பார்ப்போம். "அது கொரோனா சமாச்சாரம் ஆச்சே, கம்ப்யூட்டருக்கு எங்க வந்துச்சு?"ன்னு கேட்பீங்க. ரெண்டும் ஒரே வேலைதான்.

2020 ஏப்ரல் கடைசியில் மத்திய சுகாதாரத் துறை போட்ட பட்டியலில், தமிழ்நாட்டிலேயே பச்சை மண்டலமாக இருந்த ஒரே மாவட்டம் நம்ம கிருஷ்ணகிரி. மே மாதத்தில் அந்தப் பெருமையும் போயிடுச்சு! அப்போ கர்நாடகத்தில் இருந்து வந்தவங்களை ஜூஜூவாடி செக்போஸ்ட்டில் நிறுத்தி இ-பாஸ் பார்த்தாங்க. சந்தேகம்னா தனியா வெச்சாங்க. ஒருத்தரைத் தனியா வெச்சா அவர் நோயாளின்னு அர்த்தம் இல்லை, இன்னும் முடிவு தெரியலைன்னுதான் அர்த்தம். இத்தாலி மொழியில் 40-க்கு "குவாரண்டா"ன்னு பேரு. பிளேக் காலத்தில் துறைமுகத்துக்கு வர்ற கப்பலை 40 நாள் தள்ளி நிறுத்தி வெச்சதால வந்த சொல் இது.

மெயிலுக்கும் இதே கதைதான். கம்பெனிக்கு வரும் மெயில் நேரா இன்பாக்ஸுக்குப் போறது இல்லை, நடுவில் ஒரு வடிகட்டி இருக்கு. சந்தேகப்பட்டதை அது அழிக்காமல் தனி அறையில் பூட்டி வைக்கும். நம்ம ஜிமெயிலில் இருக்கும் ஸ்பேம் பெட்டி இதோட தம்பி மாதிரி. ஆனா ஒரு வித்தியாசம். ஸ்பேம் பெட்டியை நாமளே திறந்து பார்க்கலாம், 30 நாள் கழிச்சு அதுவே அழிச்சிடும். குவாரண்டைன் அறைக்குச் சாவி பெரும்பாலும் கம்பெனியின் கணினி நிர்வாகியிடம் இருக்கும். மைக்ரோசாஃப்ட் 365-ல் வைரஸ்னு பிடிச்ச மெயிலை நாம சாதாரணமா விடுவிக்க முடியாது, "விடுங்க"ன்னு நிர்வாகியிடம் கேட்கத்தான் முடியும். அங்கேயும் நாள் கணக்கு உண்டு. யாரும் எட்டிப் பார்க்கலைன்னா மெயில் தானா அழிஞ்சிடும்.

நம்ம ஊருக்கு இது ஏன் முக்கியம்? சிப்காட்டைச் சுத்தி பெரிய கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்யும் சின்னப் பட்டறைகள் எத்தனை இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும். அதுல ஒரு சி.என்.சி. பட்டறையை எடுத்துக்குவோம். பெங்களூரு கம்பெனி ஒண்ணு புது பாகத்தோட டிராயிங்கை ஜிப் ஃபைலாக்கி, பாஸ்வேர்டும் போட்டு அனுப்புது. வடிகட்டியால் அதைத் திறந்து பார்க்க முடியாது. திறக்க முடியாத பெட்டியை எந்த செக்போஸ்ட் விடும்? பிடிச்சு வெச்சிடும். வெள்ளிக்கிழமைக்குள் விலை சொல்லணும், முதலாளி திங்கட்கிழமைதான் பார்க்கிறார். ஆர்டர் வேற பட்டறைக்குப் போயிருக்கும். நல்ல மெயிலைத் தப்பாப் பிடிக்கிற இந்த நஷ்டம் யார் கணக்கிலும் வராது என்பதுதான் கொடுமை.

அதே அறையில் இன்னொரு மெயிலும் கிடக்கும். "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி பணத்தைப் புதிய கணக்கில் போடவும்." பேர் தெரிஞ்ச சப்ளையர் பேர்தான், லெட்டர்ஹெட் கூட சரியா இருக்கு. இதை அவசரப்பட்டு விடுவிச்சா பணம் போச்சு.

அப்போ எப்படிப் பிரிக்கிறது? முதலில் அனுப்பினவர் பேரைப் பார்க்காதீங்க, முகவரியைப் பாருங்க. பேர் என்பது லாரி முன்னாடி எழுதின போர்டு மாதிரி, யார் வேணும்னாலும் எழுதிக்கலாம். முகவரியில் "எம்" இருக்க வேண்டிய இடத்தில் "ஆர்", "என்" ரெண்டையும் ஒட்டிப் போட்டிருப்பாங்க, கண்ணுக்கு ஒண்ணாத்தான் தெரியும். அடுத்து, பதில் எந்த முகவரிக்குப் போகுதுன்னு பாருங்க. வந்தது ஒரு இடம், பதில் போறது வேற இடம்னா சந்தேகப்படணும். "எங்க பேரில் அனுப்ப இந்த சர்வர்களுக்கு மட்டும்தான் அனுமதி"ன்னு கம்பெனிகள் இணையத்தில் எழுதி வைப்பாங்க. இதுக்கு எஸ்.பி.எஃப்.னு பேரு, இ-பாஸ் மாதிரி. அதில் தோத்த மெயிலை விடவே கூடாதுன்னு சொல்ல மாட்டேன். ஆனா போன் பண்ணிக் கேட்காமல் விடக்கூடாது. மெயிலில் இருக்கிற நம்பருக்குப் போன் பண்ணாதீங்க, பழைய பில்லில் இருக்கிற நம்பருக்குப் பண்ணுங்க. இணைப்பைத் திறக்காமல் "முன்னோட்டம்" மட்டும் பார்த்தாலே பாதி விஷயம் தெரிஞ்சிடும்.

வடிகட்டி எப்படி முடிவு பண்ணுது? பிளஸ் ஒன் கணக்கில் பேயஸ் தேற்றம் வருதே, "இது எதுக்கு?"ன்னு அலுத்துக்குவோமே, இதுக்குத்தான்! 2002-ல் பால் கிரஹாம் என்ற புரோகிராமர் இந்த முறையை எழுதின பிறகு இது நல்லாப் பரவியது. "லாட்டரி" என்ற சொல் 100 கெட்ட மெயிலில் 40-லும், 100 நல்ல மெயிலில் 1-லும் வருதுன்னு வெச்சுக்குங்க. இனி அந்தச் சொல்லோட ஒரு மெயில் வந்தா அது கெட்டதா இருக்க வாய்ப்பு 40/41, அதாவது சுமார் 98 சதவீதம். ஆனா "இன்வாய்ஸ்" ரெண்டு பக்கமும் வரும் சொல். அங்கதான் வடிகட்டி தடுமாறும். நாம "இது ஸ்பேம் இல்லை"ன்னு அழுத்தும்போது அதுக்குப் பாடம் நடத்துறோம். தப்பா அழுத்தினா தப்பாத்தான் கத்துக்கும்.

ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் முடிக்கிற அண்ணன், அக்காமாருக்கு ஒரு வார்த்தை. வேலைக்கு மனு போட்டிருந்தா தினமும் ஸ்பேம் பெட்டியைப் பாருங்க, இன்டர்வியூ கடிதம் அங்கே கிடக்கலாம். "திரும்பத் தரப்படும் டெபாசிட் 2,500 ரூபாய் கட்டவும்"னு பெரிய கம்பெனி பேரில் வர்றதும் அதே பெட்டியில்தான் கிடக்கும், அதை அங்கேயே விட்டுடுங்க. ஏற்கெனவே பணம் கட்டியிருந்தா வெட்கப்பட்டுக்கிட்டு உட்காராமல் உடனே 1930-க்குப் போன் போடணும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பணம் தடுத்து நிறுத்த வாய்ப்பு.

பயிற்சி: "இலவசம்" என்ற சொல் 100 கெட்ட மெயிலில் 30-லும், 100 நல்ல மெயிலில் 10-லும் வருது. அந்தச் சொல் இருக்கும் மெயில் கெட்டதா இருக்க வாய்ப்பு என்ன? அதை வெச்சு மட்டும் பிடிக்கலாமா? விடையைத் துண்டுத் தாளில் எழுதி இந்தத் தாளுக்குக் கீழே குத்தி வைங்க.