சரக்கில்லாக் கடையும் சலித்துப்போன வாடிக்கையாளரும்

மளிகைக் கடைக்காரருக்கும் கம்ப்யூட்டர் விளையாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று வாசக வணிகர்கள் கேட்கலாம். சென்ற இருபது ஆண்டுகளில் உலகில் புதிதாக முளைத்த சில்லறை வியாபாரங்களில் இதைப்போல் விசித்திரமானதை நாம் கண்டதில்லை. இதில் கொள்முதல் கிடையாது, எடைக்குறைவு கிடையாது, எலி கடிக்காது, மழையில் நனையாது. ஒரு முறை வரைந்து வைத்த சட்டையைக் கோடி பேருக்கு விற்கலாம். இத்தனை வசதியான கடை மீது வாங்குகிறவர்களுக்கே கோபம் வந்திருக்கிறது; அரசாங்கங்கள் அபராதம் போட்டிருக்கின்றன. கல்லாவில் உட்கார்ந்து பழகிய நாம் அந்தக் கோபத்தின் காரணத்தைப் பார்ப்பதில் தவறில்லை.

முதலில் சரக்கு இன்னதென்று தெரிந்துகொள்வோம். 2006ஆம் ஆண்டில் 'ஆப்லிவியன்' என்ற அமெரிக்க விளையாட்டில் குதிரைக்குப் போடும் கவசத்தைத் தனியாக 2.50 டாலருக்கு விற்றார்கள். விளையாட்டையே காசு கொடுத்து வாங்கியவர்கள் 'இதற்குமா காசு?' என்று நகைத்தார்கள். ஆனால் வாங்கியவர்களும் இருந்தார்கள். 2017 செப்டம்பரில் எபிக் கேம்ஸ் நிறுவனம் 'ஃபோர்ட்நைட்' விளையாட்டின் நூறு பேர் மோதும் பகுதியை இலவசமாகவே கொடுத்தது. வருமானம் எங்கிருந்து? ஆட்டக்காரனின் உருவத்துக்கு மாட்டும் உடையிலிருந்து. அவர்கள் மொழியில் 'ஸ்கின்'. அதைப் போட்டால் பலம் கூடாது, குறி தப்பாமல் சுட முடியாது. பார்வைக்கு மட்டுமே.

இந்த வியாபார முறையை நாம் குறை சொல்ல மாட்டோம். இலவசமாக ஆட விட்டு, விருப்பமுள்ளவரிடம் அலங்காரத்துக்குக் காசு வாங்குவது நியாயமான ஏற்பாடுதான். 2017 நவம்பரில் 'ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரண்ட் 2' விளையாட்டில் பலத்தையே காசுக்கு விற்கும் ஏற்பாடு இருந்ததைக் கண்டு ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள். வெளியீட்டுக்கு முன்தினம் ஈ.ஏ. நிறுவனம் அந்த விற்பனையை நிறுத்திவைத்தது. மறு ஆண்டு திரும்பத் தொடங்கியபோது அலங்காரம் மட்டுமே விற்பனைக்கு வந்தது. ஆகவே அலங்கார விற்பனை என்பது ஆட்டக்காரர்கள் ஒத்துக்கொண்ட சமரசம். அவர்களைச் சலிப்படையச் செய்தது விற்ற விதம்.

விலையை எடுத்துக்கொள்வோம். ஃபோர்ட்நைட்டில் டாலர் செல்லாது. 'வி-பக்ஸ்' என்ற அவர்களுடைய நாணயத்தை முதலில் வாங்க வேண்டும். 2018இல் 1000 வி-பக்ஸின் விலை 9.99 டாலர். உடைகளின் விலையோ 800, 1200, 1500, 2000 என்று இருந்தது. 1200 விலையுள்ள உடையை விரும்பும் பையன் என்ன செய்வான்? ஆயிரமாக இரண்டு முறை வாங்கி, 19.98 டாலர் கொடுப்பான். 800 மீதி நிற்கும். அந்த மீதியைப் பணமாகத் திருப்பித் தர மாட்டார்கள். அதே கடையில் 800 விலையில் வேறோர் உடை காத்திருக்கும். 1500 உடையை வாங்கினாலோ 500 மீதி. அதற்கு முழு உடை வராது, மேலும் ஆயிரம் வாங்கத் தோன்றும்.

வாசகர்கள் இந்த இடத்தில் புன்னகை செய்யலாம். சில்லறை இல்லை என்று மிட்டாயை நீட்டிய பழக்கம் நம்மிடமும் உண்டு. ஆனால் நாம் கொடுத்தது ஒரு ரூபாய் மிட்டாய். வாடிக்கையாளர் அதற்கே முகம் சுளித்தார். இங்கே சில்லறைத் தட்டுப்பாடு என்ற சாக்குக்கூட இல்லை. கணினியில் மீதிக்கு என்ன பஞ்சம்?

அடுத்தது அவசரம். அந்தக் கடையில் சரக்கு நாள்தோறும் மாறும். பக்கத்தில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. இருப்பே இல்லாத பொருளுக்கு 'இருப்பு உள்ளவரை' என்று சொல்வதைப் போன்றது இது. நெதர்லாந்தின் நுகர்வோர் மற்றும் சந்தை ஆணையம் இதை ஆராய்ந்து 2024 மே மாதத்தில் எபிக் நிறுவனத்துக்கு 11,25,000 யூரோ அபராதம் விதித்தது. குழந்தைகளை நோக்கி 'இப்போதே வாங்கு' என்ற வகையில் விளம்பரம் செய்தது ஒரு குற்றம். கடிகாரம் முடிந்த பின்னும் சில பொருள்கள் கிடைத்துக்கொண்டிருந்ததால் அந்தக் கடிகாரமே தவறான எண்ணத்தைத் தந்தது என்பது மற்றொன்று. நிறுவனம் இந்த முடிவை ஏற்கவில்லை. ஆடித் தள்ளுபடி பலகையை ஆவணி முடிந்தும் கழற்றாதவர்கள் நம் கடைவீதிகளிலும் இருக்கிறார்கள் என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

பிள்ளைகள் மேல் உள்ள நெருக்கடி கடிகாரத்தோடு நிற்பதில்லை. காசு கொடுக்காமல் ஆடுகிறவனுக்குக் கிடைப்பது சாதாரண உருவம். பள்ளிக்கூடங்களில் 'டீஃபால்ட்' என்பதே ஏளனச் சொல்லாகிவிட்டது. தீபாவளிக்குப் புதுச்சட்டை போடாத பையனின் நிலைதான். ஆனால் தீபாவளி ஆண்டுக்கு ஒரு முறை, இங்கே தினமும்.

இதைவிட மோசமானது கல்லாப்பெட்டி விவகாரம். அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையம் 2022 டிசம்பரில் எபிக் நிறுவனத்துடன் செய்த ஏற்பாட்டில் மொத்தத் தொகை 52 கோடி டாலர். அதில் 27.5 கோடி, குழந்தைகளின் அந்தரங்கத் தகவல் சட்டத்தை மீறியதற்கான அபராதம். மீதி 24.5 கோடி, விரும்பாமல் பணம் இழந்தவர்களுக்குத் திருப்பித் தர. ஆணையத்தின் குற்றச்சாட்டைப் படித்தால் நமக்கே வியப்பாக இருக்கிறது. பொத்தான்களை முன்னுக்குப்பின் முரணாக வைத்ததால், தூங்கிக்கிடந்த விளையாட்டை எழுப்ப ஒரு பொத்தானை அழுத்தினாலும் வாங்கியதாகக் கணக்காயிற்று. 2018 வரை, பெற்றோரின் சம்மதம் ஏதுமின்றிக் குழந்தைகளே வி-பக்ஸ் வாங்க முடிந்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட புகார்கள் வந்தும் நிறுவனம் கண்டுகொள்ளவில்லை என்கிறது ஆணையம். வங்கியிடம் முறையிட்டுப் பணத்தைத் திரும்பப் பெற்றவர்களின் கணக்கைப் பூட்டிவிட்டார்கள்; அதற்கு முன் அவர்கள் நியாயமாக வாங்கிய பொருள்களும் அதோடு போயின. சரக்கைத் திருப்பிக் கொண்டுவந்தவரைக் கடைவாசலில் மறித்து, போன வருஷம் வாங்கிய குக்கரையும் பிடுங்கிக்கொண்டதற்கு ஒப்பான செயல்.

திருப்பித் தரும் தொகையில் 7.2 கோடி டாலர் 2024 டிசம்பரில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு அனுப்பப்பட்டது. 2025 ஜூனில் மேலும் 12.6 கோடி போயிற்று.

இன்னொரு மனத்தாங்கலையும் சொல்ல வேண்டும். 'ஓவர்வாட்ச்' விளையாட்டை 2016இல் விலை கொடுத்து வாங்கியவர்கள், ஆடி ஆடியே உடைகளைச் சேர்த்தார்கள். 2022 அக்டோபரில் அது நிறுத்தப்பட்டு, இலவசமான 'ஓவர்வாட்ச் 2' வந்தது. புதிய கடையில் உயர்ந்த வகை உடை ஒன்றுக்கு 1900 காசுகள், அதாவது சுமார் 19 டாலர். ஆடிச் சம்பாதிக்கலாம் என்றால், தொடக்கத்தில் வாரத்துக்கு அதிகபட்சம் 60 காசுதான் கிடைத்தது. 1900ஐ 60ஆல் வகுத்துப் பாருங்கள்: 32 வாரம், ஏழு மாதத்துக்கும் மேல்! பழைய வாடிக்கையாளருக்கு நேற்றுவரை கொசுறாகக் கொடுத்த கறிவேப்பிலையை இன்று கட்டுக்கு இவ்வளவு என்று எடை போட்டால் என்ன நடக்குமோ அதுவே நடந்தது. 2025 பிப்ரவரியில் ஆடிப் பெறும் பெட்டிகளை மீண்டும் கொண்டுவந்தார்கள்.

சட்டம் மெல்ல வருகிறது. 2025 மார்ச்சில் ஐரோப்பிய நுகர்வோர் அதிகாரிகள் வெளியிட்ட கோட்பாடுகள், விளையாட்டு நாணயத்தில் சொல்லும் விலையை உண்மைப் பணத்திலும் காட்ட வேண்டும், தேவைக்கு மேல் நாணயம் வாங்க வைக்கக்கூடாது என்கின்றன. பொட்டலத்தின் மேல் வரி உட்பட அதிகபட்ச விலை அச்சிட்டிருக்கிறதா என்று ஆய்வாளர் வந்து புரட்டிப் பார்ப்பது நமக்குப் பழகிப்போன ஒன்று. நம் நாட்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30இல் வெளியிட்ட நெறிமுறைகள் 13 வகை ஏமாற்று முறைகளை வரையறுத்துள்ளன. பொய்யான அவசரம் காட்டுவது முதல் வகை. கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது, வேண்டாம் என்பவரை வெட்கப்பட வைப்பது, ஓயாமல் நச்சரிப்பது ஆகியவையும் உண்டு. சொந்த இணையதளம் அல்லது செயலி மூலம் ஆர்டர் எடுக்கும் நம் உறுப்பினர்களுக்கும் இவை பொருந்தும். இணையதளம் அமைத்துக் கொடுப்பவர் 'இன்னும் 3 மட்டுமே மீதம்' என்ற வாசகத்தைத் தாமாகவே போட்டுவிடுவதுண்டு. அது கிடங்கு இருப்போடு பொருந்துகிறதா என்று கேட்டுத் திருத்திக்கொள்ள வேண்டும்.

வீட்டு விஷயமாக ஒன்று. கடைக் கணக்குக்கு வைத்திருக்கும் கைப்பேசியை மாலையில் பிள்ளைகள் விளையாடக் கொடுப்பது நம்மில் பலருக்கு வழக்கம். அதில் வங்கி அட்டை எண் சேமித்து வைக்கப்பட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். செயலிக் கடையின் அமைப்புகளில், ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்கும்படி செய்யும் வசதி இருக்கிறது. தானாகப் பணம் பிடிக்கும் அனுமதி எதற்காவது கொடுத்திருக்கிறதா என்பதை யூ.பி.ஐ. செயலியில் 'ஆட்டோபே' பகுதியில் பார்க்கலாம். இரவு கல்லா எண்ணும்போது அதையும் ஒரு முறை பார்த்துவிட்டால் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.