பிழை நாணயம் பார்க்கப் பழகுகிறவர்களுக்கு

சேலம் பக்கத்து நெசவூரான இளம்பிள்ளையின் பிள்ளைகளுக்குத் தறியில் விழுந்த குறைக்கும் கடையில் பட்ட கிழிசலுக்கும் வித்தியாசம் தெரியும். நாணயத்திலும் அதே கணக்குதான். நாணயச்சாலைக்குள் நேர்ந்தால் பிழை, வெளியே வந்தபின் நேர்ந்தால் வெறும் சேதம்.

1. நாணயம் எப்படிச் செய்யப்படுகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தகட்டிலிருந்து வட்டமாக வில்லை வெட்டி, அதற்கு விளிம்பு எழுப்பி, இரண்டு அச்சுக்கு நடுவே வைத்து அடிக்கிறார்கள். வில்லை வெட்டுவது நமக்குத் தூரத்துச் சங்கதி இல்லை. கஞ்சமலை அடிவாரத்துச் சேலம் உருக்காலையில் 1993-லேயே எஃகு வில்லை வெட்டும் பிரிவு வந்துவிட்டது.

2. ஆகவே, ஓரம் பிறையாகக் குறைந்த நாணயத்திலிருந்து தொடங்குங்கள். தகடு போதிய அளவு நகராமல் அடுத்த வெட்டு விழுந்தால், முந்தைய ஓட்டையின் வளைவு புது வில்லையில் பள்ளமாக வந்துவிடும். பிறையைப் பார்த்ததும் நின்றுவிடாமல் அதற்கு நேர் எதிர் விளிம்பைப் பாருங்கள். அசல் என்றால் அங்கே மேடு பெரும்பாலும் மழுங்கியிருக்கும். விளிம்பு எழுப்பும்போது இந்தப் பக்கம் உலோகம் இல்லாததால் அந்தப் பக்கம் அழுத்தம் சரியாக விழுவதில்லை. அரம் போட்டுச் செய்த போலியில் எதிர் விளிம்பு கம்பீரமாக நிற்கும். பத்து மடங்கு லென்ஸில் அரத்தின் கீறலும் தெரியும்.

3. நாணயச்சாலைக் குறி இல்லை என்று துள்ளாதீர்கள். ஆண்டுக்குக் கீழே மும்பைக்கு வைரம், ஹைதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி. கொல்கத்தாவுக்குக் குறியே கிடையாது. அதைத்தான் ‘குறி விடுபட்ட அபூர்வம்’ என்று விற்கிறார்கள். பத்து ரூபாயின் வெவ்வேறு வடிவங்களும் பிழை அல்ல. 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-ல் அறிவித்தது. (நம் பக்கத்துக் கடைகளுக்கு அந்தச் சேதி வந்து சேரத்தான் காலம் பிடித்தது.)

4. நம் நாணயத்தை இடவலமாகத் திருப்பினால் மறுபக்கமும் நேராக நிற்க வேண்டும். நன்றாகச் சாய்ந்தோ தலைகீழாகவோ நின்றால் அச்சு திரும்பியிருக்கிறது. அமெரிக்க நாணயத்தில் இந்தச் சோதனை செல்லாது. அதை மேல்கீழாகத் திருப்ப வேண்டும்.

5. தராசும் காந்தமும் கையில் இருக்கட்டும். பழைய குப்ரோநிக்கல் ஐந்து ரூபாய் 9 கிராம், காந்தத்தில் ஒட்டாது. 2007-ல் வந்த எஃகு ஐந்து ரூபாய் 6 கிராம், ஒட்டும். ஆண்டுக்குப் பொருந்தாத எடை வந்தால் கள்ள நாணயமா என்று முதலில் சந்தேகப்படுங்கள். பிழையா என்பது அதற்குப் பிறகு.

6. புளி, சாம்பல், எலுமிச்சை எதுவும் வேண்டாம். கழுவவே கழுவாதீர்கள்.

7. படம் எடுக்க விலை உயர்ந்த கேமரா வேண்டாம். கைபேசியை அசையாமல் தாங்க நாலு புத்தகம் போதும். ஃப்ளாஷை அணைத்துவிடுங்கள். எஃகு கூசும், அதனால் விளக்குக்கு முன்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். ஜூம் பண்ணாமல் எடுத்து, பிறகு வெட்டிக்கொள்ளுங்கள். இருபக்கமும் விளிம்பும் தனித்தனிப் படமாக வேண்டும்.

ப்ராக்கேஜ் கிடைத்தால் மட்டும் கூடுதல் கவனம். அடித்த நாணயம் அச்சிலேயே ஒட்டிக்கொள்ள, அடுத்த வில்லையின் ஒரு பக்கத்தில் அதே உருவம் இடவலம் மாறிக் குழிவாகப் பதியும், அதுதான் ப்ராக்கேஜ். அதற்குக் கீழிருந்து வெளிச்சம் கொடுத்தால் படத்தில் குழி மேடாகத் தெரிந்து, பார்ப்பவர் ஏமாந்துபோவார். வெளிச்சம் மேலிருந்து, சற்று இடப்பக்கமாகச் சாய்ந்து விழ வேண்டும். பக்கத்திலேயே சாதாரண நாணயம் ஒன்றையும் வைத்து எடுங்கள்; எது குழி, எது மேடு என்று அது காட்டிக்கொடுத்துவிடும்.

8. உங்கள் படத்தைப் பார்த்து லட்சக்கணக்கில் விலை பேசி, “முதலில் கமிஷன் கட்டு, வரி கட்டு” என்று யாராவது கேட்டால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். ரிசர்வ் வங்கி பெயரிலேயே இந்த மோசடி நடந்து, தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரிக்க வேண்டிவந்தது.