ஊசியும் நூலும் கற்பிக்கும் பொறுமை

கோலார் தங்கவயலின் இறுதி ஆண்டுகளில், ஒரு டன் பாறையை வெட்டியெடுத்துப் பொடியாக்கினால் கிடைத்த தங்கம் சில கிராம்களே. அந்தச் சில கிராம்களுக்காக சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 3 கிலோமீட்டருக்கும் கீழே மனிதர்கள் இறங்கினார்கள். வட ஆற்காடு முதலிய பகுதிகளிலிருந்து சென்ற தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக அங்கு உழைத்தன. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் பிழைப்புக்காகப் பலர் அதிகாலையில் ரயிலேறி பெங்களூரு சென்று இரவில் திரும்புகின்றனர். அத்தகைய வீடுகளில் பிள்ளைகள் பாட்டியின் பொறுப்பில் வளர்கிறார்கள். சுரங்கம் போனபின் பேரப்பிள்ளைக்குக் கற்றுத்தர வீட்டில் என்ன தொழில் இருக்கிறது என்று அந்த முதியவள் ஏங்குவது இயல்பே. ஆனால் அவளது பெட்டியில் பழஞ்சேலைகள் இருக்கின்றன.

பழந்துணிகளை அடுக்கித் தைக்கும் போர்வையைக் கன்னடத்தில் கௌதி என்றும், தெலுங்கில் பொந்த என்றும் அழைப்பர். கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி இனப் பெண்கள் இக்கலையில் சிறந்தவர்கள். அவர்கள் போர்வையின் ஓரத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றித் தைத்து நடுப்பகுதியை அடைகிறார்கள். மூலைகளில் மடித்த சிறு துணிகளைப் பூப்போல வைத்துத் தைப்பார்கள். அவையின்றிப் போர்வை முழுமை பெறாது என்பது அவர்களது எண்ணம். வங்காளத்துக் காந்தா தையலுக்கோ பழஞ்சேலையின் கரையிலிருந்தே நூலை உருவிக்கொள்வது முற்கால வழக்கம்.

எட்டு, ஒன்பது வயதுக் குழந்தைக்குப் போர்வை பெரிது. பிரார்த்தனைக்கு அமர ஓர் ஆசனம் போதும். ஒன்றரை அடிச் சதுரமாக மூன்று அடுக்குப் பருத்தித் துணி எடுத்து, துவைத்துச் சுருக்கம் நீக்கி, நடுவிலிருந்து ஓரம் நோக்கி நீண்ட தையல்களால் தற்காலிகமாக இணைக்க வேண்டும். பிறகு அரை அங்குல இடைவெளியில் ஓட்டுத்தையல். மொத்தம் 35 வரிசைகள். அங்குலத்திற்கு நான்கு தையல் என்றால் 2,520 தையல்கள். நாளொன்றுக்கு இரண்டு வரிசை தைத்தால் 18 நாட்கள். இந்தக் கணக்கைக் குழந்தையே போட்டுப் பார்க்கட்டும். 'ஆண்பிள்ளைக்கு ஊசி எதற்கு?' என்று கேட்பவர்கள், அவன் சட்டைப் பொத்தான் அறுந்த அன்று பதில் சொல்லட்டும்.

விரைவில் முடிக்கும் ஆசையில் குழந்தை மிக நீளமான நூலைக் கோக்கும். அது சிக்கிக்கொள்ளும், சிக்கெடுப்பதிலேயே மாலைப்பொழுது கழியும். மறுநாள் யாரும் சொல்லாமலே நூல் குட்டையாகிவிடும். நூலை வேகமாக இழுத்தால் துணி சுருங்கும். 'பொறுமையாக இரு' என்று நூறு முறை சொன்னாலும் விளங்காதது இங்கே விரல்நுனிக்கு விளங்குகிறது. பயிற்சி பலன் தர நீண்ட காலமும் இடைவிடாமையும் வேண்டும் என்று பதஞ்சலி முனிவர் கூறுவதும் இதைத்தான்.

பெரியவர்கள் தவறுவது ஓரிடத்தில். குழந்தை உறங்கியபின், கோணிய வரிசையைப் பிரித்துத் தாமே நேராகத் தைத்துவிடுகிறார்கள். அன்பினால் செய்வதுதான், ஆயினும் காலையில் குழந்தை காண்பது தன் உழைப்பை அல்ல. அடுக்குகள் சுருங்கியிருந்தால் அந்த வரிசையை மட்டும் குழந்தையே பிரிக்க வேண்டும். பாட்டி அருகில் அமர்ந்து தன் துணியைத் தைத்துக்கொண்டிருந்தால் போதும். கண் மங்கிய அவளுக்கு ஊசியில் நூல் கோத்துத் தருவது பேரப்பிள்ளையின் வேலை.

வெறும் கோணலாக இருக்கும் வரிசையை அப்படியே விட்டுவிடலாம். முதல்முறை துவைத்து உலர்த்தும்போது பருத்தி சற்றே சுருங்கி, தையல்களுக்கு இடையே துணி மெல்லப் புடைத்து எழும். அப்போதும் அந்த வரிசை கண்ணுக்குத் தெரியும். அதைத் தொட்டுக் காட்டி, 'இது நான் ஆறாம் நாள் தைத்தது' என்று குழந்தை சொல்லும்.