'பெங்காளி' என்னும் சொல்

கட்டடப் பணிக்காகவும் உணவகப் பணிக்காகவும் வட, கிழக்கு மாநிலங்களிலிருந்து திருவனந்தபுரத்திற்கு வரும் தொழிலாளர்களைக் கேரள மக்களில் பலர் 'பெங்காளி' என்றே அழைக்கின்றனர். வந்தவர் ஒடிசாவையோ அஸ்ஸாமையோ பீகாரையோ சேர்ந்தவராக இருக்கலாம்; பெயர் மட்டும் ஒன்றே. ஒரு மக்களினத்தின் பெயர் இவ்வாறு ஒரு வேலையின் பெயராகச் சுருங்கிவிட்டது.

இதே நகரில் 1892-ஆம் ஆண்டு டிசம்பரில் அச்சொல் வேறு பொருள் தந்தது. கொச்சியிலிருந்து வந்த இளந்துறவி ஒருவர், திருவிதாங்கூர் இளவரசரின் ஆசிரியரான சுந்தரராம ஐயரின் இல்லத்தை அடைந்தார். உடையைக் கண்ட ஐயரின் 12 வயது மகன், வந்திருப்பவர் இஸ்லாமியர் என்றே தந்தையிடம் அறிவித்தான். துறவி வங்காளி என்று அறிந்த ஐயரோ, அந்நாடு பெரியோர் பலரை ஈன்றது என்று கூறி, அவர்களுள் தலையாயவராகக் கேசவ சந்திர சேனரைக் குறிப்பிட்டார். அப்போதுதான் துறவி தம் குருநாதர் ஸ்ரீராமகிருஷ்ணரைப் பற்றிச் சுருக்கமாக எடுத்துரைத்தார். அத்துறவியே சுவாமி விவேகானந்தர்.

சிறுவன் உடையால் அளந்தான். அறிஞர் புகழால் அளந்தார். இவ்விரண்டிலும் அடங்காதது வங்காளம். அம்மக்களை இணைக்கும் இழை மொழி. அதன் மிகப் பழைய பாடல்களாகக் கருதப்படும் சர்யாபதங்களைப் பாடியவர்கள் பௌத்த சித்தர்கள். அச்சுவடியை ஹரபிரசாத் சாஸ்திரி 1907-இல் நேபாளத்தில் கண்டெடுத்தார். சைதன்யரின் (1486–1534) அடியார்கள் அம்மொழியில் கண்ணனைப் பாடினர். இஸ்லாமியரான நஸ்ருல் இஸ்லாம் அதே மொழியில் காளியன்னையைப் பாடினார். 1952 பிப்ரவரி 21 அன்று டாக்காவில் இளைஞர்கள் அம்மொழிக்காக உயிர் நீத்தனர். அந்நாளையே 1999-இல் யுனெஸ்கோ உலகத் தாய்மொழி நாளாக அறிவித்தது. இவ்வுணர்வைத் தமிழர்க்கு விளக்க வேண்டுவதில்லை. முர்ஷிதாபாத்திலிருந்து வந்து கேரளத்தில் செங்கல் சுமப்பவரும் இம்மரபின் வாரிசே.

அன்று சுவாமிஜி ஐயரிடம் முதன்முதலில் வேண்டியவற்றுள் ஒன்று, வழித்துணையாக வந்த கொச்சி அரசின் இஸ்லாமியச் சேவகருக்கு உணவளிக்க வேண்டும் என்பது. அதற்கு முந்திய இரண்டு நாட்களாகச் சிறிது பாலைத் தவிர அவர் ஏறக்குறைய எதையுமே உட்கொண்டிருக்கவில்லை. எனினும் சேவகர் உண்டு விடைபெற்ற பின்னரே அவருடைய உணவைப் பற்றிய பேச்சு எழுந்தது. வேலையாளிடம் பசியுள்ள மனிதரை அவர் கண்டார்.

எல்லா உயிரிலும் ஒரே ஆன்மாவைக் காண்பது வேதாந்தம். நம் தெருவில் உழைக்கும் வெளியூர்க்காரரிடம் பெயரையும் ஊரையும் மொழியையும் கேட்டறிந்து, அவரை அவர் பெயராலேயே அழைப்பது மிகச் சிறிய செயல். அந்தப் பெரிய பயிற்சியை இச்சிறு செயலிலிருந்து எவரும் இன்றே தொடங்கலாம்.